மேரி கட்டிடம் வந்தது, மேயர் எங்கே?

நேற்று காலை சாரத்திலிருந்து கடற்கரை வரை நடந்தே போய்விட்டேன். மேரி கட்டிடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை பழைய அழகு குறையாமல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் மேரி என்றால் மேயர் உட்காரும் இடம். மேயர் எங்கே?

நம் வயதுக்காரர்களுக்கு எதுவார் குபேரை நினைவிருக்கும். 1961-ல் மேயர், 1963 ஜூலையில் முதலமைச்சர். அவரைப் புனிதர் என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்துவிட்டு 1954 மார்ச்சில் இந்தப் பக்கம் தாவினார் என்று இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் ஏறி வந்த படி நகராட்சி. ஈரோட்டில் பெரியார், சேலத்தில் ராஜாஜி, சென்னையில் சத்தியமூர்த்தி எல்லோரும் நகராட்சி நாற்காலியில் இருந்து பார்த்தவர்கள்தான். சத்தியமூர்த்தி மேயராகி பாடுபட்டதால்தான் சென்னைக்குப் பூண்டி ஏரி கிடைத்தது.

நம் ஊரில் அந்தப் படியையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1968-ல் நகராட்சித் தேர்தல் நடந்தபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். அடுத்த தேர்தல் 2006-ல். அதற்குள் தலை நரைத்துவிட்டது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதை.

"எம்.எல்.ஏ. இருக்கிறாரே, கவுன்சிலர் எதற்கு? இன்னொரு கமிஷன் கூட்டம்தானே?" என்பார்கள். எம்.எல்.ஏ. சட்டம் செய்யப் போனவர். என் தெரு சாக்கடை மூடி அவர் வேலையா? அந்த மூடிக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு அதிகாரி, அதே மனு. கவுன்சிலர் திருடினால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அதிகாரியை நாம் என்ன செய்ய முடியும்? அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். அவர்களில் 170 பேர் சொன்னதால்தான் நாம் இந்தியாவோடு சேர்ந்தோம். நாட்டையே தேர்ந்தெடுத்துக் கொடுத்த கவுன்சிலர்களின் ஊரில் இன்று ஒரு கவுன்சிலர் இல்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இலவசத்தைக் கேட்காதீர்கள். நகராட்சித் தேர்தல் தேதியைக் கேளுங்கள். போன தடவை 38 ஆண்டு காத்திருந்தோம். இன்னொரு 38 என்னிடம் இல்லை.