நகையை அடகு வைத்து சி.எஸ்.இ. சீட் வாங்கும் முன்...



ரிசல்ட் வந்த கையோடு போனும் வந்துவிடும். "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரே ஒரு சீட்தான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார்கள். அவசரப்பட்டு அடகுக்கடைக்கு ஓடாதீங்க.

நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 1992 முதலே தமிழ்நாட்டில் இருக்கிறது. ரசீது தராமல் கேட்கும் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

சாஃப்ட்வேர் வேலைக்குப் பொறியியல் மட்டும்தான் வழியா? இல்லவே இல்லை.

👉 கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

👉 அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. படிக்கலாம். 3 வருடம், செலவும் குறைவு. மேலே படிக்க 2 வருட எம்.சி.ஏ. இருக்கிறது.

👉 பத்தாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

👉 சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

👉 ஜோஹோ ஸ்கூல்ஸில் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் பட்டம் கிடைக்காது. நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 எழுத ஆசை இருந்தால் இதை யோசித்து முடிவெடுங்கள்.

கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீங்க. "போன வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது? அதில் புரோகிராமிங் வேலை எத்தனை, கால் சென்டர் எத்தனை?" என்று கேளுங்கள். கேம்பஸில் வந்த கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் நீட்டினால் உஷாராகிவிடுங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடமும் ரெண்டு வார்த்தை விசாரியுங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒன்று. சேருவதற்கு முன் ஒரு மாதம் பைத்தான் எழுதிப் பாருங்கள். மென்பொருள் இலவசம், பாடங்கள் தமிழிலேயே யூடியூபில் இருக்கின்றன. தப்பு வந்தால் விடாமல் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பிடிக்கிறதா? அப்படியென்றால் இந்தத் துறை உங்களுக்குத்தான். எரிச்சல்தான் வருகிறதென்றால், பக்கத்து வீட்டுப் பையன் படிக்கிறான் என்பதற்காக நீங்களும் சேர வேண்டாம்.

நேர்காணலில் அப்பா எவ்வளவு கட்டினார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. புரோகிராம் எழுதத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

சிந்தியுங்கள். கல்லூரி தேடும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.

#கல்வி #உயர்கல்வி_வழிகாட்டி