கறையும் கவிதையும்

பழைய காமிராவுக்குள் அகப்பட்ட பிலிமைக் கழுவி, அதில் விழுந்திருக்கும் மூட்டத்தையும் பூஞ்சைக் கறையையும் 'காலத்தின் கவிதை' என்று கொண்டாடுகிற கூட்டம் ஒன்று நம்மிடையே உருவாகியிருக்கிறது. அம்பத்தூரில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய அக்ஃபா க்ளிக் III காமிராவிலிருந்து எடுத்துக் கழுவிய சுருளை நண்பர் ஒருவர் காட்டினார். பன்னிரண்டில் ஏழுதான் எடுக்கப்பட்டிருந்தது. ஒன்றில், வாசற்படியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அவள் முகம் பாதி கரைந்திருந்தது. "அரூபம் தானாகவே சித்தித்திருக்கிறது, பாருங்கள்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மூட்டத்தில் மர்மம் எதுவும் இல்லை. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பில் தோன்றும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான் கழுவுமுன் பிலிமில் இருக்கும் படம். நாளாக ஆக அவை தேய்கின்றன. வெளிச்சமே படாத உப்போ நம் ஊர் வெக்கையில் தானே கருக்கத் தயாராகிவிடுகிறது. ஈரம் சேர்ந்தால் ஜெலட்டினைப் பூஞ்சை தின்கிறது. இது ரசாயனம், இதில் சிருஷ்டி எங்கே வந்தது? நவீன கலை தற்செயலை ஏற்கவில்லையா என்பார்கள். ஏற்றது. தற்செயலாகக் கண்டதை மான் ரே மீண்டும் மீண்டும் செய்து தன் வசமாக்கிக்கொண்டார். நண்பர் எதை வசமாக்கினார்?

'மறக்கப்பட்ட பிலிம்' என்ற பெயரே பொய். ஆவடியில் 1955ல் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1967ல் ஊட்டியில் பொதுத்துறை ஆலை பிலிம் தயாரிக்கத் தொடங்கியது. ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளிக்கு ஒரு சுருள் என்பது யோசித்துச் செய்யும் செலவு. பொங்கலுக்கு இரண்டு, காதுகுத்துக்கு மூன்று. பன்னிரண்டும் முடியாமல் கழுவக் கொடுக்க மனம் வராது. அடுத்த விசேஷத்துக்காகக் காத்திருந்த சிக்கனத்துக்கு மறதி என்று பெயரிடுகிறோம்.

கழுவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1897ல் பலூனில் வடதுருவம் புறப்பட்டு மாண்ட ஆந்திரே குழுவின் பிலிம், 33 ஆண்டுகள் பனியில் கிடந்து 1930ல் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் 93 படங்களை மீட்டார். தரைதட்டிச் சரிந்த பலூனைப் பார்த்து நிற்கும் இருவரை நாம் இன்று காண்பது அந்த உழைப்பால். கறைகள் அவற்றிலும் உண்டு. அவை அவர் கை எட்டாத இடங்கள்.

செத்த கவிஞனின் அடித்தல் திருத்தல் நோட்டை முடிந்த கவிதையாக அச்சேற்றும் நம் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இந்தக் கறை வழிபாடு. நண்பர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். காமிரா யார் வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தைக்கு இன்று ஐம்பது வயது இருக்கலாம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கலாம். தாயின் வேறு படம் அதனிடம் இல்லாமலும் இருக்கலாம். ஒரு பிரிண்ட் போட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும். அரூபத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.