வாயில்லா ஜீவனுக்குத் திராட்சை வேண்டாம்

மாசி மாதம் பிறந்துவிட்டால் பெங்களூர்த் தள்ளுவண்டிகள் எல்லாம் கறுத்துவிடும். தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ‘பெங்களூர் புளூ’ என்ற கருநீலத் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கும். ஹாப்காம்ஸ் கடைகளில் திராட்சை, தர்பூசணி மேளா நடக்கும். தடித்த தோல், உள்ளே கொட்டை, ஆளைத் தூக்கும் வாசனை. இந்தத் திராட்சைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தப் பெருமை 2023-இல்தான் வந்தது. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த நாம், இந்தப் பழத்தையும் நம்முடையதாக்கிக்கொண்டு பல தலைமுறை ஆகிவிட்டது.

அந்தப் பழத்தைப் பற்றித்தான் இன்று ஒரு எச்சரிக்கை சொல்ல வந்திருக்கிறேன். நமக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நம் வீட்டு நாய்க்கு அது விஷமாகலாம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு பொமரேனியன் இருந்தது. ஐந்து கிலோ எடைகூட இராது. மாலையில் நான் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும்போது தட்டில் திராட்சை இருக்கும். எனக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. பேரன் புளிக்கிறது என்று ஒதுக்கிய பழமெல்லாம் மணியின் பங்கு. ஒருநாள் மருமகள், “மாமா, நாய்க்குத் திராட்சை கொடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க” என்றாள். “மரத்துல, கொடியில விளையறது யாரையும் ஒண்ணும் செய்யாதும்மா. போன வருஷமும் தின்னுச்சே, நல்லாத்தானே இருக்கு?” என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கொடுத்துவிட்டேன். இரவில் மணி இரண்டு முறை வாந்தி எடுத்தது. சூட்டினால் இருக்கும் என்று மோர் வைத்தேன். திங்கட்கிழமை முழுவதும் சுருண்டு படுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சிறுநீரே போகவில்லை என்று மருமகள் கவனித்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடினோம். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். கிரியாட்டினின் எங்கோ ஏறியிருந்தது. “என்ன சாப்பிட்டது?” என்று கேட்டார். நான் சொன்னேன். “ஞாயிற்றுக்கிழமை இரவே வந்திருக்கலாமே, ஐயா” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மணி போய்விட்டது.

அதன் பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாய்க்குத் திராட்சை ஆகாது என்பதே மருத்துவ உலகுக்குப் புதிய செய்திதான். அமெரிக்காவில் பிராணிகளுக்கான விஷமுறிவு ஆலோசனை மையம் ஒன்று இருக்கிறது. அங்கு வந்து சேர்ந்த விவரங்களைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள், திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதைக் கண்டார்கள். 2001-இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் அதை எழுதினார்கள். பழத்தில் தெளித்த பூச்சிமருந்தா, பூஞ்சையா, உலோக நச்சா என்று பலவாறு சந்தேகித்துப் பார்த்தும் காரணம் இருபது ஆண்டுகள் பிடிபடவில்லை.

2021-இல் ஒரு தற்செயல் வழிகாட்டியது. குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவு உருண்டையை ஒரு நாய் தின்றுவிட்டது. அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வருவதைப் போலவே சிறுநீரகக் கோளாறு. அந்த மாவில் ‘கிரீம் ஆஃப் டார்டார்’ என்ற பொடி கலந்திருந்தது. திராட்சை ஒயின் செய்யும் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து எடுக்கப்படும் பொடி அது. அதன் மூலப்பொருள் டார்டாரிக் அமிலம். திராட்சையில் இயல்பாகவே நிறைந்திருப்பதும் அதே அமிலம்தான். 2023-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நாயின் சிறுநீரகச் செல்களை இந்த அமிலம் பாதித்தது, மனிதச் செல்களைப் பாதிக்கவில்லை என்று கண்டார்கள். நம் சிறுநீரகம் இந்த அமிலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. நாயின் சிறுநீரகத்தில் அதற்கான வழி இல்லாததால் உள்ளேயே தேங்கிச் செல்களைக் கெடுக்கிறது என்பது இன்றைய விளக்கம்.

இங்கேதான் நம் தமிழ்க் குடும்பங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டார்டாரிக் அமிலம் மிகுதியாக உள்ள இன்னொரு பொருள் நம் சமையலறை ஜாடியிலேயே இருக்கிறது. அதுதான் புளி! 2022-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்றில், கிரீம் ஆஃப் டார்டார் தின்ற ஆறு நாய்களோடு, புளியைத் தின்ற இரண்டு நாய்களுக்கும் இதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சாம்பார் சாதம் ஒரு வாய் தின்ற நாயெல்லாம் செத்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் புளிக்காய்ச்சலும், கோயிலில் தொன்னையில் வாங்கிவந்து மிஞ்சிய புளியோதரையும் நாய்த் தட்டுக்குப் போக வேண்டியவை அல்ல. முந்திரி, திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் அப்படியே. வெங்காயம், பூண்டு நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை என்பது இதற்கும் முன்பே தெரிந்த செய்தி.

எவ்வளவு தின்றால் ஆபத்து? பதிவான நோய்களில் குறைந்த அளவாக, நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 கிராம் திராட்சை, உலர்ந்ததானால் சுமார் 3 கிராம் என்று எழுதியிருக்கிறார்கள். காய்ந்த பழத்தில் நீர் போய் அமிலம் செறிந்துவிடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஐந்து கிலோ நாய்க்குக் கணக்குப் போட்டால் உலர்திராட்சை 15 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி. ஆனால் இந்தக் கணக்கை நம்பி அதற்குக் கீழே கொடுக்கலாம் என்று எண்ணக் கூடாது. பழத்துக்குப் பழம், இனத்துக்கு இனம், முதிர்ச்சிக்கு முதிர்ச்சி அமிலத்தின் அளவு மாறுகிறது. நாய்க்கு நாய் தாங்கும் சக்தியும் மாறுகிறது. இந்த அளவு வரை பயமில்லை என்று எந்த மருத்துவரும் கோடு கிழித்துத் தருவதில்லை.

“எங்கள் நாய் தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. நானே அப்படிக் கேட்டவன்தானே! அவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தேன். நான் சேர்ந்த நாட்களில் பல நிலையங்களில் கைகாட்டிகள் இருந்தன. கேபினிலிருந்து கம்பியை இழுத்தால்தான் கை இறங்கி வண்டிக்கு வழிவிடும். கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? எதிர் எடையின் பாரத்தால் கை தானாகவே ‘நில்’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். சந்தேகம் வந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் தத்துவம். ஒரு டிரைவர் சிவப்பைத் தாண்டிப் போய் அன்று விபத்து நடக்கவில்லை என்பதற்காக, சிவப்பைத் தாண்டுவது பாதுகாப்பானது என்று யாராவது சொல்வார்களா? அன்று எதிரே வண்டி வரவில்லை, அவ்வளவுதான். முப்பத்தைந்து ஆண்டு இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் வீட்டுக் கூடத்தில் சிவப்பைத் தாண்டினேன்.

இன்னொரு வாதமும் உண்டு. “ஊரில் நாய்கள் எதைத்தான் தின்னவில்லை? மிச்சம் மீதியெல்லாம் தின்று வளர்ந்தவைதானே?” உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தன, எதனால் செத்தன என்று நாம் யாரும் கணக்கு வைத்ததில்லை. ஒருநாள் காணாமற்போகும், ‘வண்டியில் அடிபட்டிருக்கும்’ என்போம். மேலும், திண்ணையில் கிடந்த நாய்க்கு அன்று பழைய சோறு கிடைத்தது. திராட்சையும் கிஸ்மிஸும் எங்கே கிடைத்தன? இன்று நாய் நம்மோடு அடுக்குமாடி வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் பழத்தட்டு அதன் மூக்குக்கு நேரே இருக்கிறது.

ஆகவே வாசக அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நாய்க்குப் பழம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வாழைப்பழத் துண்டு, விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, தர்பூசணி ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். மாம்பழச் சதையும் கொடுக்கலாம், ஆனால் கொட்டையைப் போடாதீர்கள், குடலில் அடைத்துக்கொள்ளும். திராட்சை, கிஸ்மிஸ், புளி மூன்றும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தப்பித் தவறித் தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் இரண்டொரு மணி நேரத்துக்குள் போனால், தின்றதை வாந்தியாக வெளியே எடுத்துவிட மருத்துவரால் முடியும். வீட்டில் உப்புக் கரைசலைப் புகட்டும் வைத்தியம் வேண்டாம், அதுவே கெடுதல். எப்போது, எவ்வளவு தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தெரியவரும். அதற்குள் டிரிப் ஏற்றித் தொடங்கிவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தனியே முறிவு மருந்து கிடையாது. பகலிலும் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று இன்றே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக என்னைப் போன்ற பெரியவர்களுக்கு ஒன்று. நம் அனுபவம் பெரிதுதான். ஆனால் 2001-க்குப் பிறகு தெரியவந்த ஒன்றை, அதற்கு முன்பே முடி நரைக்கத் தொடங்கிய நம் அனுபவம் எப்படி அறியும்? வீட்டுப் பிள்ளைகள் எங்கோ படித்ததாக ஒன்றைச் சொன்னால், சிரித்து ஒதுக்காமல், “எங்கே படித்தாய், காட்டு” என்று கேட்கலாம். என் மருமகளிடம் அதைக் கேட்டிருந்தால் மணி இன்றும் என் காலடியில் படுத்திருக்கும்.

மணி போன அன்று பேரன், “தாத்தா, அதுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான். வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மணிக்கு ஆறு வயதுதான். நான் கொடுத்த திராட்சையால்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது தெருவில் யாராவது நாய்க்குத் திராட்சை போட்டால் முதலில் ஓடித் தடுப்பவன் அவன்தான்.