விளக்கு சொல்லும் சேதி

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாகப் போகும் சாலை, மலை குறுக்கே வந்து நிற்கிற இடத்தில் லோயர் கேம்ப்பை அடைகிறது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரமாக மாறுவது இங்கேதான். 1895-ல் அணை கட்டி முடித்த பென்னிகுயிக் துரைக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்ததும் இங்கேதான். ஊரைத் தாண்டியவுடன் குமுளி மலைப்பாதை ஆரம்பமாகிவிடும். ஐயப்ப பக்தர்களின் வேன், ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப், காய்கறி லாரி என்று எல்லாம் இங்கே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகின்றன. "வண்டி ஏறுமா?" என்ற கேள்வி இந்த ஊரில் தினமும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கேள்விக்கு வண்டியே பதில் சொல்லும் என்றால் நம்புவீர்களா? சொல்லத்தான் சொல்லுகிறது. நமக்குத்தான் அதன் பாஷை தெரிவதில்லை.

கார் வைத்திருக்கும் நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்டியரிங்குக்கு எதிரே, வேகமானிக்குப் பக்கத்தில், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரியும். என்ஜின் கிளம்பியதும் அணைந்துவிடும். ஓடுகிறபோது அது எரிய ஆரம்பித்தால் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். சிலர் அதன்மேல் பிள்ளையார் படத்தை ஒட்டி மறைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள். பிள்ளையாருக்கு இது தர்மசங்கடமான உத்தியோகம்!

இந்த விளக்கின் கதை அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் தொடங்குகிறது. மோட்டார்ப் புகையால் திணறிப்போன அந்த மாகாணம், 1988-ம் வருஷ மாடலிலிருந்து புது வண்டிகள் தங்கள் குறையைத் தாங்களே கண்டுபிடித்து விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதித்தது. கார்புரேட்டர் விடைபெற்று, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்ட காலம் அது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. சென்ஸார் என்ற சின்னச் சின்ன ஒற்றர்கள் கொண்டுவரும் சேதிதான் அதற்கு எல்லாம். தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள், புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொருவனும் வந்து சொல்ல, அது கணக்குப் போட்டுப் பெட்ரோல் விடுகிறது. ஒற்றன் ஒருவன் வராமல் போனாலோ, நம்ப முடியாத சேதி கொண்டுவந்தாலோ, ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடுகிறது.

அந்த எண்ணைப் படிப்பதற்கு அந்தக் காலத்து வண்டிகளில் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கம்பி போதும். 1989-ல் ஜப்பானிய மஸ்தா கம்பெனி 'மியாட்டா' என்ற இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் பானெட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் 'டி.இ.என்.', 'ஜி.என்.டி.' என்று எழுதிய இரண்டு துவாரங்கள். இரண்டையும் கம்பியால் இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். நீண்ட மினுக்கல் ஒன்றுக்குப் பத்து. குறுகிய மினுக்கலுக்கு ஒன்று. நீண்டது ஒன்று, குறுகியது ஐந்து என்றால் 15. அது புகைக் குழாயில் இருக்கும் பிராணவாயு சென்ஸாரைப் பற்றிய சேதி. குறுகியது மட்டும் ஒன்பது என்றால் தண்ணீர் உஷ்ண சென்ஸார். தபாலாபீஸில் 'கட்டுக் கடகட' என்று தந்தி அடித்த கதைதான். இங்கே சத்தத்துக்குப் பதில் வெளிச்சம்.

ஒரே ஒரு சங்கடம். கம்பெனிக்குக் கம்பெனி அகராதி வேறு. மஸ்தாவில் 15 என்ற அதே பிராணவாயு சென்ஸாருக்கு டொயோட்டாவில் 21. மஸ்தாவில் தண்ணீர் உஷ்ணம் 9, டொயோட்டாவில் 22. ஆகவே அந்தந்த வண்டியின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

* * *

கம்பத்து நண்பர் ஒருவரிடம், அவருடைய காலமான அண்ணன் ஆசையாக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் வண்டி ஒன்று இருக்கிறது. வயது இருபதுக்கு மேல். அண்ணன் ஞாபகார்த்தமாக அதை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். சில மாதமாக அதற்குச் சீக்கு. காலையில் கிளம்ப அடம் பிடிக்கும். கிளம்பினால் கறுப்புப் புகை. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறை ஒன்றில் காட்டினார். அவர்கள் பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. நாலு நாளில் திரும்பவும் எரிந்தது. மறுபடி கழற்றி மாட்டினார்கள். மூன்றாவது தடவை, "கம்ப்யூட்டரே போயிடுச்சு சார், மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அது அவருடைய மகளின் காலேஜ் பீஸுக்காக எடுத்து வைத்திருந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது! வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. "பிள்ளை படிப்பா, இரும்பா?" என்று அவர் சம்சாரம் கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் லோயர் கேம்ப்பில் அவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் அன்று நண்பரோடு போயிருந்தேன்.

"விளக்கு எரிஞ்சப்போ என்ன நம்பர் காட்டிச்சு?" என்று கேட்டார் பெரியவர்.

"நம்பரா? அதெல்லாம் பார்க்கலைங்கய்யா. பேட்டரியைக் கழட்டி அணைச்சிட்டாங்க."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, பவர் ஹவுஸிலே மிஷின் நின்னு போச்சுன்னா, எந்த ரிலே வேலை செஞ்சதுன்னு ஒரு கொடி விழுந்து காட்டும். அதை நோட்டிலே எழுதாம எவனாவது தூக்கி விட்டான்னா, அவனுக்கு மெமோதான்! சாட்சியை அழிச்சிட்டு அப்புறம் திருடனை எங்கே போய்த் தேடுறது?"

பழைய புத்தகத்தைப் பார்த்து, கம்பியை மாட்டி, சாவியைத் திருப்பினார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினோம். ஆறு மினுக்கல்; ஒரு இடைவெளி. பிறகு ஒரே ஒரு மினுக்கல். திரும்பவும் ஆறு, ஒன்று. புத்தகத்தில் அந்த வண்டிக்கு 6 என்றால் தண்ணீர் உஷ்ண சென்ஸார். 1 என்றால் பிராணவாயு சென்ஸார்.

"அப்போ ரெண்டையும் வாங்கி மாட்டிடலாமா?" என்றார் நண்பர்.

"அவசரப்படாதீங்க. நம்பர் தெருப் பேரைத்தான் சொல்லும். வீட்டு நம்பரை நாமதான் தேடணும்."

முதலில் தண்ணீர் உஷ்ண சென்ஸாரைக் கழற்றாமலே மீட்டர் வைத்து அளந்தார். இந்த சென்ஸார் குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூடானால் தடை குறையும். 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது, 80 டிகிரியில் சில நூறாக இறங்கிவிடும். இங்கே என்ஜின் சூடாகச் சூடாக எண் ஒழுங்காகவே இறங்கியது. ஆக, சென்ஸார் நிரபராதி. பிறகு அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. எலி! ஒயரின் மேல்தோலைத் தின்று, உள்ளே நாலைந்து இழையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அது தொட்டும் தொடாமலும் இருந்தது. தொடாதபோது கம்ப்யூட்டருக்கு என்ஜின் பனிமலையில் நிற்பதாக எண்ணம். பாவம், குளிரில் நடுங்குகிற என்ஜினுக்குப் பெட்ரோலை வாரி வாரி விட்டது. கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான்.

ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, பிறகுதான் பழைய எண்களை அழித்தார். கூடலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். புகை நின்றுவிட்டது. ஆனால் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை 6 வரவில்லை; 1 மட்டும் வந்தது. பிராணவாயு சென்ஸாரை அளந்தார். உயிரோடு இருந்தால் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஊசலாட்டம் மாதிரி போய் வந்துகொண்டிருக்க வேண்டும். அது ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், முனை முழுக்கக் கரி.

"இது நிஜமாவே போச்சு. பல மாசம் கறுப்புப் புகையிலேயே கிடந்தா பின்னே என்ன செய்யும்? முதல் நாளே நம்பரை எழுதி வச்சிருந்தா, ஒயரை ஒட்டுறதோட முடிஞ்சிருக்கும்" என்றார் பெரியவர்.

நண்பர் அந்த ஒரு சாமானை மட்டும் வாங்கினார். கொஞ்சம் செலவுதான். என்றாலும் காலேஜ் பீஸ் தப்பியது. அண்ணன் வண்டியும் தப்பியது. வீட்டில் பேச்சு வார்த்தையும் ஆரம்பமாகிவிட்டதாகக் கேள்வி.

* * *

இப்போதைய வண்டிகளில் மினுக்கலை எண்ண வேண்டியதில்லை. 1996-ம் வருஷ மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே அகராதி என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 2010-ல் முதல் படியும், 2013-ல் இரண்டாவது படியும் சட்டமாயின. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். தீப்பெட்டி அளவுக் கருவியை அதில் செருகினால் கைப்பேசியில் எண் வந்துவிடும். 'பி0301' என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. 'பி0171' என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆனாலும் பெரியவர் சொன்ன தெரு விஷயம் மாறவில்லை. 'காற்று அதிகம்' என்ற சேதிக்குக் கிழிந்த ரப்பர் குழாயும் காரணமாக இருக்கலாம், அடைத்துக்கொண்ட பெட்ரோல் பில்டரும் காரணமாக இருக்கலாம். எண்ணைப் பார்த்தவுடன் சாமானை மாற்றுகிறவர், இருமல் என்றதும் நெஞ்சைக் கிழிக்கிற டாக்டர் மாதிரி.

மலை ஏறப் போகும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். வண்டி ஒழுங்காக ஓடினால் மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து எண்ணைப் பாருங்கள். இப்போதைய வண்டியில் ஓடும்போதே அது மினுக்கினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, ஓரமான இடம் பார்த்து நிறுத்துங்கள். எண்ணெய் விளக்கோ, உஷ்ணத்தைக் காட்டும் சிவப்பு விளக்கோ எரிந்தால் யோசனையே வேண்டாம். அங்கேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவு நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பெயிண்டைத் தடவிப் பார்க்கும் முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரிந்து, என்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் அது எரியவே இல்லையென்றால், "விளக்கே எரியல சார், வண்டி அவ்வளவு சுத்தம்!" என்று விற்கிறவர் பெருமைப்படலாம். நீங்கள் பெருமைப்பட வேண்டாம். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பேட்டரியை அன்றைக்குத்தான் கழற்றி மாட்டினார்களா என்றும் கேளுங்கள். கூச்சப்படாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அழித்த எண் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

விளக்கு எரிந்தால் எண், தேதி, அப்போது வண்டி ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "எதனால் இந்த நம்பர் வந்தது?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்தக் காகிதம் பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவர்களுக்கு, வந்திருப்பவர் விவரம் தெரிந்த ஆசாமி என்பதாவது தெரியும்.