வானத்துக்கு எதற்கு விளக்கு?

குழந்தைகளே! மே மாதத்தில் ஒருநாள் இரவு பத்து மணி வாக்கில், கே.கே. நகரில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. ஒன்றும் தெரியவில்லையா? நம் ஊர் விளக்குகளின் வெளிச்சம்தான் அவற்றை மறைக்கிறது.

அந்தக் கூட்டத்தின் பெயர் ஒமேகா சென்டாரி. பூமியிலிருந்து சுமார் 17 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. இருட்டான கிராமத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். பைனாகுலரில் பார்த்தால் சின்னப் பஞ்சு உருண்டை போல இருக்கும். லண்டன் சிறுவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை!

இப்படி உருண்டையாகக் கூடிய நட்சத்திரங்களைக் 'கோளக் கொத்து' என்பார்கள். பிரமாண்டமான வாயு மேகம் சுருங்கும்போது, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறக்கின்றன. ஈர்ப்பு விசை அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. காலப்போக்கில் கனமானவை நடுவே இறங்கும். லேசானவை ஓரத்துக்குப் போகும். சில தப்பி ஓடியும் விடும்.

ஆனால், ஒமேகா சென்டாரியின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. ஏன்? முன்பு அது தனியாக இருந்த ஒரு குட்டி நட்சத்திர மண்டலத்தின் நடுப்பகுதி என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். நம் பால்வெளி மண்டலம் அதை இழுத்து, வெளிப்பகுதியைப் பிய்த்துக்கொண்டது. மாம்பழத்தைத் தின்ற பிறகு கொட்டை மிஞ்சுமே, அதுபோல நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது! அதன் மையத்தில் சூரியனைப் போல 8,200 மடங்குக்குக் குறையாத எடையுள்ள கருந்துளை இருப்பதற்கான சான்று, ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களிலிருந்து 2024-ல் வெளியானது.

இப்படிப்பட்ட அதிசயங்களை ஆராய இருட்டு வேண்டும். அதனால்தான் விஞ்ஞானி வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேடிப் பிடித்தார். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. இப்போது அந்த ஆய்வகத்துக்கே அவர் பெயர்தான்.

சரி, தெருவுக்கு விளக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பாட்டி தடுக்காமல் நடக்க வேண்டும். அக்கா டியூஷன் முடிந்து பயமில்லாமல் வர வேண்டும். ஆனால், அந்த வெளிச்சம் தரையில் விழுந்தால் போதாதா? வானத்தைப் பார்த்து எரியும் விளக்கால் யாருக்கு லாபம்? மின்சாரம்தான் வீண்.

ஆகவே, தெரு விளக்குகளுக்கு மேல்மூடி போட வேண்டும் என்பது என் கட்சி. கடைகளும் பூட்டிய பிறகு விளம்பரப் பலகைகளை அணைக்கலாம். நீங்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாடியில் வீணாக எரியும் விளக்கை அணைக்கும்படி அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மாமாவிடமும் பணிவாகக் கேளுங்கள். ஒரு தெருவே சேர்ந்து அணைத்தால் இன்னும் நாலு நட்சத்திரமாவது கூடுதலாகத் தெரியுமே!