சிம்பியான் சரிந்த கதை

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க மொகலாயர் படைக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1698ல்தான் கோட்டை விழுந்தது.

செல்போன் உலகிலும் ஒரு கோட்டை இருந்தது. அது நாலே ஆண்டில் விழுந்தது. அதன் பெயர் சிம்பியான்.

வண்டி எவ்வளவு நல்லதானாலும் ஓட்டுகிறவன் வேண்டும் அல்லவா? அதுபோல, செல்போனை உள்ளிருந்து ஓட்டுகிற கட்டளைத் தொகுப்புதான் சிம்பியான். 1998ல் நோக்கியாவும் வேறு சில கம்பெனிகளும் சேர்ந்து இதைத் தொடங்கின. 2007ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் 100க்கு 60க்கு மேல் சிம்பியான் போன்களே!

வந்தது போட்டி

அதே 2007ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் வந்தது. விரலால் திரையைத் தொட்டால் போதும். மறு ஆண்டு கூகுளின் ஆண்ட்ராய்டு போன் வந்தது. ஆண்ட்ராய்டை எந்தக் கம்பெனியும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிம்பியானோ அப்போது பெரும்பாலும் பொத்தான் போன்களில்தான் இருந்தது. அதற்குச் செயலி எழுதுவதும் கடினம். எழுதுகிறவர்கள் வேறு பக்கம் போனார்கள். வாங்குகிறவர்களும் போனார்கள்.

2011 பிப்ரவரியில், சிம்பியானை விட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக நோக்கியாவே அறிவித்தது. அதுவும் நிலைக்கவில்லை.

நமக்கு என்ன?

"எங்கோ நடந்தது, நமக்கு என்ன?" என்று அனந்தபுரத்தில் இருப்பவர் கேட்கலாம். பதில் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது.

அங்கே 2006ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. ஒரு சமயம் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். அங்கே செய்தவை பெரும்பாலும் சாதாரண பொத்தான் போன்கள்தான். ஆனாலும் தாய்க் கம்பெனி ஆட்டம் கண்டதும் இங்கேயும் ஆடியது. 2014ல் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சிக்கிய இந்தத் தொழிற்சாலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ல் மூடப்பட்டது.

அந்தப் பெண்கள் வேலையில் என்ன குறை வைத்தார்கள்? ஒன்றும் இல்லை. முடிவு செய்தது பின்லாந்து. வேலை இழந்தது தமிழ்நாடு.

ஆலைகள் வரட்டும். ஆனால் ஒரே வேலையைப் பழக்கிவிட்டு, ஒருநாள் "போய் வா" என்று அனுப்புவது நியாயமா? எங்கு போனாலும் சோறு போடும் தொழிலைக் கற்றுக் கொடுத்து, அதற்குச் சான்றிதழும் தர வேண்டும். நிலமும் சலுகையும் கொடுக்கும் அரசு இதை நிபந்தனை ஆக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மகள் வேலைக்குப் போனாலும், அவள் படிப்பை நிறுத்தி விடாதீர்கள்!