கிணற்று மூடி

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைக் கிணற்றின் சிமெண்டு மூடிதான் காலையில் அவர் பேப்பர் படிக்கும் இடம். அதைப் பார்த்தாலே எனக்கு டிமாக் ஞாபகம் வந்துவிடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் சிற்றூர் அது. 2009 புத்தாண்டு நாளில் அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்து, கான்கிரீட் மூடி பெயர்ந்துபோனது. உள்ளே மீத்தேன் சேர்ந்திருந்தது. அந்த வட்டாரத்தில் எரிவாயுவுக்குத் துளைபோட ஆரம்பித்துச் சில வருஷங்கள்கூட ஆகவில்லை.

நீரியல் விரிசல் என்கிறார்கள் அந்த முறையை. பூமிக்குள் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாகத் துளைத்து, களிப்பாறை அடுக்கு வந்ததும் பக்கவாட்டில் திருப்புவார்கள். பிறகு தண்ணீரையும் மணலையும் ரசாயனங்களையும் பேரழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறை விரியும், மணல் அந்த விரிசலை மூடவிடாது, வாயு மேலே வரும். ஒரு எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். டிமாக்கில் வினை வந்தது அந்த ஆழத்து விரிசல்களால் அல்ல. துளைக்குள் இறக்கிய இரும்புக் குழாயைச் சுற்றிப் போட்ட சிமெண்டுப் பூச்சு சரியில்லை, வாயு அந்த வழியாக நிலத்தடி நீருக்குள் கசிந்தது என்பதுதான் மாநில அரசின் முடிவு.

இந்த வாயுவால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2005-ல் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரியில் இருந்து வந்தது. இன்று ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடத்தைப் பெருமளவு பிடித்தது மலிவான எரிவாயு. கரிப்புகையும் சாம்பலும் குறைந்தன. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கசிவை அடைக்காவிட்டால் அந்த லாபம் கரைந்துபோகும்.

அங்கே பெரும்பாலும் நிலத்துக்காரருக்கே அடிமண்ணும் சொந்தம். பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்காவது அவருக்கு ராயல்டி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஊரில் ராயல்டி அரசுக்குப் போகும்; விவசாயிக்குக் கிடைப்பது மேல்மண்ணுக்கான இழப்பீடு மட்டும். பங்கு வாங்கிய ஊருக்கே டிமாக்கின் கதி என்றால், பங்கே இல்லாத நம் காவிரி டெல்டாக்காரன் எதற்காகத் தன் தண்ணீரைப் பணயம் வைக்க வேண்டும்? இந்த டெல்டாவில் வரவிருந்த மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே இறந்துபோனார். 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் இங்கே புதிய எண்ணெய், எரிவாயு எடுப்பைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைத் தொடவில்லை.

டிமாக்குக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர, துளைபோட்ட நிறுவனம் 1.6 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது 2022-ல்தான். கிணறு வெடித்துப் பதின்மூன்று வருஷம் கழித்து. அதே சமயத்தில், அங்கே துளைபோட 12 ஆண்டுகளாக இருந்த தடையைத் தளர்த்தி, அந்த மண்ணுக்கடியில் மறுபடி துளைபோடவும் மாநில அரசு வழிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா ஒன்றுதான் கேட்டார்: “தொளை போடறதுக்கு முன்னாடி தண்ணியை யாரும் சோதிச்சு வச்சிருந்தாங்களா?”

பல வீடுகளில் இல்லை. அதனாலேயே, அந்த வாயு இயற்கையாகவே தண்ணீரில் இருந்தது என்று நிறுவனத்தால் வருஷக்கணக்கில் வாதாட முடிந்தது.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய்ச் சுத்தமான ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்துவந்து, “தம்பி, மூடிய நகத்தணும். அந்தப் பக்கம் ஒரு கை புடி” என்றார்.